பெருக்கலைக் கூட்டலாக்கும் விரல்கள்

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் திருட்டுக்கென்று இரண்டு வாசகங்கள் வார்த்து வைத்திருக்கிறார்கள். வீடு, கடை, குடோன் என்றால் 'பூட்டை உடைத்து'. வண்டி என்றால் 'கள்ளச்சாவி போட்டு'. பூட்டுக்கு ஒரு கீறலும் விழாமல், சாவியும் இல்லாமல், இரண்டு கம்பிகளைக் கொண்டு நிதானமாகத் திறந்து திருடினார்கள் என்ற செய்தி அபூர்வம். கடப்பாரை அரை நிமிடத்தில் முடித்துக் கொடுக்கும் வேலைக்குத் திருடன் எதற்காக மாதக்கணக்கில் பழக வேண்டும்?

அப்படிப் பழகுகிறவர்கள் வேறு கூட்டம். சொந்தக் காசில் பூட்டு வாங்குவார்கள். சாவியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பூட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். திறந்ததும் மறுபடி பூட்டி, மறுபடி திறப்பார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997-இல் ஸ்டெஃபன் வெர்னேரி முன்னின்று இதற்கொரு விளையாட்டுச் சங்கமே தொடங்கினார். பிறகு நெதர்லாந்தில் ஒன்று, அமெரிக்காவில் அதன் கிளைகள், கடிகாரம் வைத்துப் போட்டிகள். லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் நடக்கும் டெஃப்கான் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் பூட்டுத் திறப்போருக்கெனத் தனி இடம் உண்டு. கணினிக்காரர்களுக்குப் பூட்டின் மேல் ஏன் இத்தனை ஆசை என்பது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

தட்டையான சாவி, அதன் ஒரு விளிம்பில் மட்டும் மேடும் பள்ளமுமாக வெட்டு என்றால் அது பெரும்பாலும் பின் பூட்டு. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் மரத்தில் செய்த யோசனையை, 1860-களில் அமெரிக்கர் லைனஸ் யேல் ஜூனியர் உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகச் சிலிண்டராக்கினார். சாவி நுழைகிற உருளை ஒன்று. அதைச் சுற்றியிருக்கும் கூடு ஒன்று. இரண்டையும் ஊடுருவி வரிசையாக ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கும் மேலே அழுத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல்பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்று உருளையைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். சரியான சாவி நுழைந்தால் ஐந்து ஜோடிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். உருளை திரும்பும்.

கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பின்னும் ஆறு உயரங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பின்களுக்கு ஆறை ஐந்து முறை பெருக்கினால் 7,776 சாவிகள். எது சரியென்று தெரியாதவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பூட்டு தரும் காவல் என்பது இந்தப் பெருக்கல்தான். இன்னும் ஒரு பின்னைச் சேர்த்தால் 46,656.

ஆனால் இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நான்கு பின்கள் சரியாக இருந்து ஐந்தாவது தவறாக இருந்தால், பூட்டு அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. 'நாலு சரி, ஒன்று தப்பு' என்று அது காட்டிக்கொடுத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

எல்லாப் பூட்டும் காட்டிக்கொடுக்கிறது. ஐந்து துளைகளையும் ஒரே நேர்கோட்டில், ஒரே விட்டத்தில், துல்லியமாகத் துளைக்கும் இயந்திரம் உலகில் கிடையாது. ஒரு துளை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகியிருக்கும். ஒரு பின் முடியளவு பருத்திருக்கும். உருளையை லேசாகத் திருப்பி அழுத்தம் கொடுத்தால் ஐந்து பின்களும் ஒரே நேரத்தில் நெருக்கப்படுவதில்லை. எந்தத் துளை அதிகம் விலகியிருக்கிறதோ அதில் உள்ள பின் முதலில் இறுகும். மற்ற நான்கும் ஸ்பிரிங்கில் தாராளமாக ஏறி இறங்கும். இறுகிய பின்னை மட்டும் மெதுவாக மேலே தள்ளினால், பிரியும் இடம் விளிம்பைத் தொட்ட கணத்தில் உருளை மயிரிழை திரும்பும். மேல்பின் கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். இப்போது அடுத்த பின் இறுகும்.

முதல் பின்னைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் ஐந்து இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் பதினைந்து. 7,776 எங்கே, பதினைந்து எங்கே! பூட்டைத் திறக்கும் கலை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்: பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து, எந்த எழுத்துவரை சரி என்பதைக் கசியவிடும் மென்பொருளையும் இதே வழியில்தான் கவிழ்க்கிறார்கள். கணினிக்காரர்கள் பூட்டின் முன்னால் வந்து உட்காருவதற்குக் காரணம் அதுதான்.

இந்த வேலைக்கு வேண்டிய விரல் திருப்பூர் வட்டாரத்தில் ஏராளமாக இருக்கிறது. நிட்டிங் கம்பெனியில் ஓடும் 30 டயா, 24 கேஜ் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 30 அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் சுற்றளவில் அங்குலத்துக்கு 24 ஊசி என்றால் ஏறத்தாழ 2,260 ஊசிகள். ஒவ்வொன்றும் தன் காடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்றின் கொக்கி வளைந்தாலோ, லாச் சரியாக மூடாவிட்டாலோ துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். 'நீடில் லைன்' என்பார்கள். அனுபவமுள்ள ஃபிட்டர் மெஷினை நிறுத்தி, துணியில் விழுந்த கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போய், காடிகளை நகத்தால் தடவி, கெட்ட ஊசியில் கை வைத்துவிடுவார். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை வெளியே தெரியும் சின்ன அறிகுறியால் பிடிப்பதில் அவருக்கும் பூட்டுத் திறப்பவருக்கும் வித்தியாசமே இல்லை. ஒருவருக்கு 2,260-இல் ஒன்று, இன்னொருவருக்கு ஐந்தில் ஒன்று.

கருவிகளுக்கும் பெரிய செலவில்லை. எல் வடிவில் வளைத்த தட்டைக் கம்பி ஒன்று, நுனி சற்றே நிமிர்ந்த மெல்லிய கம்பி ஒன்று. முதலாவது உருளையைத் திருப்பி அழுத்தம் கொடுக்க, இரண்டாவது பின்களைத் தொட. கார் கண்ணாடி வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை இதற்கு நன்றாக உதவும் என்பது உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் அறிந்த செய்தி. உடைந்த தையல் ஊசி ஆகாதா என்று கேட்கிற திருப்பூர்க்காரருக்கு ஒரு நினைவூட்டல்: ஏற்றுமதி கம்பெனியில் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். குழந்தைகள் ஆடைக்குள் ஒரு துண்டு போனாலும் சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிடும். அந்த ஊசியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள முடியாது.

புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே: அழுத்தம் அதிகம். பலத்தைக் காட்டினால் ஐந்து பின்களும் சேர்ந்து இறுகிவிடும். எது முதலில் என்பது தெரியாமல் போகும். எல் கம்பியின் மேல் ஒற்றை விரலின் கனம் போதும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பவர்களுக்காக ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பூட்டுகள் விற்கிறார்கள். முதல் இரண்டு நாளைக்கு அது நல்ல வாத்தியார். அதற்குமேல் அது கெடுதல்தான். கண் வேலை செய்யும்வரை விரல் சோம்பிக் கிடக்கும்.

பூட்டுச் செய்பவர்களும் இந்தக் கூட்டல் வித்தை தெரியாமல் இருந்துவிடவில்லை. நல்ல பூட்டுகளில் மேல்பின்னை நேரான உருளையாகச் செய்யாமல் நடுவில் இடுப்பைக் குறுக்கி, நூல் சுற்றும் பாபின் வடிவத்தில் கடைந்துவிடுகிறார்கள். சரியான சாவிக்கு இதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. கம்பி போட்டுத் தள்ளுகிறவருக்கோ நாடகம். பின் பாதி ஏறியதும் குறுகிய இடுப்பில் உருளை வந்து மாட்டி, சற்று அதிகமாகவே திரும்பும். திறந்துவிட்டது என்று மனம் துள்ளும். திறந்திருக்காது. இந்தப் பொய்த் திருப்பத்திலிருந்து மீள ஒரே வழி, அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி உருளையைப் பின்னோக்கிப் போகவிடுவது. அப்படிப் போகும்போது ஏற்கெனவே சரிசெய்த பின்கள் கீழே விழுந்துவிடலாம். முன்னேற வேண்டுமானால் பின்வாங்க வேண்டும், எவ்வளவு பின்வாங்குவது என்பதை விரல்தான் முடிவுசெய்ய வேண்டும். பலர் இந்தக் கட்டத்தில் பூட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். தாண்டியவர்கள் வாழ்நாள் முழுவதும் விடுவதில்லை.

பூட்டைத் திறப்பது பண்புள்ளவர்கள் செய்கிற காரியமா என்ற விவாதம் 1851-இலேயே லண்டனில் சூடாக நடந்து முடிந்துவிட்டது. அதன் முன்கதை இது: 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் கள்ளச்சாவித் திருட்டு நடக்க, தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காத பூட்டு வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு போட்டி அறிவித்தது. ஜெரமையா சப் 1818-இல் ஒன்று செய்து கொடுத்தார். உள்ளே இருக்கும் லீவர் தகடுகளில் ஒன்றைத் தேவைக்கு மேல் தூக்கிவிட்டால் அது மாட்டிக்கொள்ளும். பிறகு சரியான சாவியும் உடனே திறக்காது. பூட்டுத் தொழில் தெரிந்த ஒரு கைதியிடம் அதைக் கொடுத்து, திறந்தால் விடுதலையும் நூறு பவுண்டும் என்றார்கள். மாதக்கணக்கில் முயன்று கைவிட்டார். இன்னொரு பக்கம், ஜோசப் பிராமா தன் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி என்று 1790 முதல் சவால் விட்டிருந்தார். அறுபது ஆண்டு யாராலும் திறக்க முடியவில்லை.

பெரும் கண்காட்சிக்காக லண்டன் வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டுக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. அதையும் திறந்தார். 'இதையெல்லாம் ஊருக்குச் சொல்லலாமா, திருடர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்களா' என்று பத்திரிகைகள் பொருமின. திருடர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதவர்கள் பூட்டை வாங்குகிறவர்கள்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். வேடிக்கை என்னவென்றால், ஹாப்ஸ் விற்க வந்த அமெரிக்கப் பூட்டையே சில ஆண்டுகளில் லைனஸ் யேல் ஜூனியர் திறந்து காட்டினார். அதன் பிறகே சிலிண்டர் பூட்டு பிறந்தது. திறப்பவர்கள் இல்லாமல் பூட்டுத் தொழில் ஓரடியும் முன்னேறியதில்லை.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில் பெட்டகங்களைத் திறந்து பொழுதுபோக்கினார். அவற்றின் எண்பூட்டுக்கு மூன்று எண்கள், ஒவ்வொன்றும் நூறில் ஒன்று: பத்து லட்சம் சேர்க்கைகள். சக்கரத்தில் எண் இரண்டு முன்பின் போனாலும் பூட்டு ஏற்றுக்கொள்வதை அவர் கவனித்தார். அப்படியானால் நூறு எண் எதற்கு? இருபது போதும். பத்து லட்சம் எட்டாயிரமானது. அலுவலர்கள் பெட்டகத்தைத் திறந்து வைத்திருக்கும்போது அதில் சாய்ந்தபடி பேசிக்கொண்டே கடைசி இரண்டு எண்களையும் விரலால் அறிந்துகொள்வார். மிச்சம் இருபது. பத்து லட்சம் எட்டாயிரமாக இடம் கொடுத்தது, செய்தவர் விட்டுவைத்த அந்தச் சின்னத் தளர்ச்சி.

திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் திண்டுக்கல். கையால் செய்யும் லீவர் பூட்டுக்கு அந்த ஊர் ஒன்றரை நூற்றாண்டாகப் பேர் பெற்றது. மாங்காய்ப் பூட்டு, பெட்டிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கோயில் கதவுக்குத் தொங்கவிடும் பெரும் பூட்டு என்று வகைகள் பல. 1957-இல் தொடங்கிய பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்து, 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

லீவர் பூட்டில் பின்னுக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாசல் வெட்டியிருக்கும். சாவியின் பற்கள் தகடுகளை வெவ்வேறு உயரத்துக்குத் தூக்கி எல்லா வாசல்களையும் ஒரே நேரில் கொண்டுவந்தால்தான் தாழின் முளை உள்ளே புக வழி கிடைக்கும். குறைவாகத் தூக்கினாலும் தடை, கூடுதலாகத் தூக்கினாலும் தடை. 1778-இல் ராபர்ட் பாரன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது இந்த இரட்டைத் தடைக்குத்தான். திண்டுக்கல் கைவினைஞர் தகட்டை வெட்டி, வாசலை அரத்தால் ராவி, சாவியையும் அதற்கேற்ப ராவுகிறார். பொய்ச் சாவி போட்டால் உள்ளே சிக்கவைக்கும் பூட்டுகளும் அங்கே உண்டு. திருடன் கையைக் கத்தி பாய்ந்து வெட்டும் பூட்டு இருந்ததாகவும் சொல்வார்கள்; நல்ல கதை, கேட்டு மகிழலாம்.

கைவேலை என்றால் துல்லியம் குறைவு, அப்படியானால் காட்டிக்கொடுப்பதும் அதிகமல்லவா? கோட்பாட்டின்படி ஆமாம். ஆனால் தொழிற்சாலைப் பூட்டில் உயரங்கள் அட்டவணைப்படி வரும். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அந்த மாதிரி முழுவதன் ரகசியமும் கையில். கைப்பூட்டுக்கு அட்டவணை ஏது? செய்தவர் அன்றைக்கு எப்படி ராவினாரோ அப்படி. சாவித்துவாரத்தின் வளைவுகளைக் கடந்து போகும் கம்பியைக்கூட ஒவ்வொரு பூட்டுக்கும் தனியாக வளைத்தாக வேண்டும். எந்திரத்தில் விலை குறைத்து வரும் அலிகார் பூட்டுகளோடு சந்தையில் திண்டுக்கல் மல்லுக்கட்ட முடியாமல் தவிக்கிறது, அடுத்த தலைமுறையும் அரத்தைத் தொட வருவதில்லை. பொழுதுபோக்குக்காகப் பூட்டு வாங்கும் கூட்டம் ஒன்று இந்தியாவில் வளர்ந்தால் கைப்பூட்டுக்குரிய விலை கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

மலிவு விலைப் பூட்டின் பலவீனத்தைத் தெரிந்துகொள்ளக் கம்பிகூட வேண்டாம், கணக்கே போதும். ஒரு கம்பெனி 500 விதச் சாவிகள் மட்டுமே வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பனியன் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் 30 அறைகள்; எல்லாருக்கும் அதே கம்பெனிப் பூட்டு. ஏதோ இரண்டு அறைகளுக்காவது ஒரே சாவி சேர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு? பலரும் 30-ஐ 500-ஆல் வகுத்து ஆறு சதவீதம் என்பார்கள். உண்மையில் சுமார் 59 சதவீதம். முப்பது அறைகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் 435 ஜோடிகள் வருவதுதான் காரணம்.

வண்டிகளின் கதை தேய்மானம். பீஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடும் பழைய டி.வி.எஸ். மொபெட்டுக்கு எந்தச் சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகிறது என்றால், சாவியின் வெட்டும் உள்ளே தகடுகளின் விளிம்பும் ஆண்டுக்கணக்கில் உரசி மழுங்கி, தளர்ச்சி அத்தனை பெரிதாகிவிட்டது என்று பொருள். கள்ளச்சாவிக்குப் பாதி வேலையைச் சொந்தக்காரரே செய்து முடித்திருக்கிறார்.

திருப்பூருக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு: பஞ்சு. நிட்டிங் யூனிட்டின் கதவுப் பூட்டுக்குள் நுண்ணிய பஞ்சுத் துகள் போகாமல் இருக்காது. சாவி இறுகுகிறது என்று தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்குச் சுகமாகத் திரும்பும். சில வாரங்களில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து பசையாகி, ஸ்பிரிங் தள்ளியும் இறங்காமல் பின்கள் மேலேயே ஒட்டி நிற்கும். கிராஃபைட் தூள் இந்த வம்பைச் செய்யாது. அதில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. ஒரு தாள் இன்னொன்றின்மேல் எளிதில் வழுக்கும், ஈரமில்லாததால் பஞ்சைப் பிடித்து வைக்காது. பென்சில் முனையைச் சுரண்டிப் போடலாமா என்றால், அதில் களிமண்ணும் கலந்திருக்கிறது. ஹார்டுவேர் கடையில் தூளாகவே கேட்டு வாங்குவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? தன் பூட்டைத் தான் திறப்பது குற்றமில்லை. திருட்டுக்கு நேர்மையற்ற நோக்கம் வேண்டும், வீட்டை உடைத்த குற்றத்துக்கு அத்துமீறல் வேண்டும். ஆனால் மகாராஷ்டிர போலீஸ் சட்டம் போன்றவற்றில், இரவு நேரத்தில் தக்க காரணமில்லாமல் வீடு உடைக்கும் கருவி வைத்திருப்பதே தண்டனைக்குரியது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் சோதனைக்கு நிறுத்தும் போலீஸ்காரரிடம் பெருக்கல், கூட்டல் எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கம்பிகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

உலகெங்கும் இந்தச் சங்கங்கள் விதிக்கும் கட்டுப்பாடு இரண்டுதான். உனக்குச் சொந்தமில்லாத பூட்டை, அனுமதியில்லாமல் தொடாதே. சொந்தப் பூட்டானாலும், கதவில் புழக்கத்தில் இருப்பதைத் தொடாதே. இரண்டாவது விதி ஒழுக்கம் பற்றியதல்ல: கம்பி போட்டு விளையாடிய பூட்டில் ஸ்பிரிங் கெட்டு, வெளியில் நிற்பது நீங்களாக இருக்கலாம். ஆசைப்பட்டவர்கள் பழைய இரும்புக் கடையில் சாவி தொலைந்த பூட்டுகளை வாங்கித் தொடங்கலாம். அவற்றைத் திறக்கக் கை பழகிய பிறகு, ஒருநாள் திண்டுக்கல்லுக்குப் போய் ஒரு லீவர் பூட்டு வாங்குங்கள். சாவியையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பல நாளைக்கு அது தேவைப்படும்.